வெள்ளி இலை, பச்சைப் புள்ளி: குமிழ்ச் செடி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த தோட்டக்கலைக் கடிதங்களில் பல ஒரே செடியைப் பற்றியவை. சாம்பல் கலந்த வெள்ளி நிற இலையில் கரும்பச்சைப் புள்ளிகளும், மண்ணுக்கு மேலே கொத்தாக நிற்கும் ஊதா நிறக் குமிழ்களும் கொண்ட அந்தச் சிறு அலங்காரச் செடியை நர்சரிகளில் 'சில்வர் ஸ்க்வில்' என்றோ 'லெப்பர்ட் லில்லி' என்றோ விற்கிறார்கள். அதற்குரிய கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: நர்சரியில் வாங்கிவந்த தொட்டியில் குமிழ்கள் எல்லாம் மண்ணுக்கு வெளியே தெரிகின்றன. விற்றவர் சரியாக நடவில்லை என்று நினைத்து மேலும் மண் போட்டு மூடலாமா என்று யோசிக்கிறேன். இது எந்த ஊர்ச் செடி? இதன் சரியான பெயர் என்ன? (அம்பத்தூர் வாசகி)

பதில்: மண் போட்டு மூடாதீர்கள். விற்றவர் சரியாகத்தான் நட்டிருக்கிறார். இதன் தாவரவியல் பெயர் லெடிபூரியா சோஷியாலிஸ். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில், புதர்க்காடுகளின் நிழலில், சருகும் கல்லும் கலந்த மேல்மண்ணில் நெருக்கமான கூட்டங்களாக வளர்வது இதன் இயல்பு. குமிழின் அடித்தட்டும் (வேர் கிளம்பும் தட்டையான அடிப்பகுதி) வேர்களும் மட்டும் மண்ணுக்குள் இருக்க, உடல் முழுவதும் காற்றில் நிற்கும். அதன் மேலுள்ள காய்ந்த தோல் உள்ளே இருக்கும் சதைப்பற்றுள்ள செதில்களிலிருந்து ஈரம் வெளியேறாமல் காக்கிறது. நம் சமையலறைச் சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகக் கொட்டிவைத்தால் மாதக்கணக்கில் கெடாமலிருப்பதும், ஈரச் சாக்கில் மூடிவைத்தால் சில நாட்களில் அழுகுவதும் எதனாலோ, அதே காரணம்தான் இங்கும். ஏற்கெனவே ஆழமாக நட்டிருந்தால் மேல்மண்ணை விரலால் விலக்கி, குமிழில் குறைந்தது பாதியாவது வெளியே தெரியும்படி செய்துவிடுங்கள். வெளிச்சம் பட்ட பிறகு அதன் தோல் மெல்ல மெல்ல ஊதா நிறம் ஏறும்.

லண்டன் கியூ தோட்டத்தின் தாவரவியலாளர் ஜான் கில்பர்ட் பேக்கர் 1870-இல் இதை 'ஸில்லா' என்னும் பேரினத்தில் வைத்து விவரித்தார். ஒரு நூற்றாண்டு கழிந்து 1970-இல்தான் ஜெஸ்ஸப் என்பவர் இதை லெடிபூரியாவுக்கு மாற்றினார். இன்றும் சில விற்பனையாளர்கள் 'ஸில்லா வயலேசியா' என்று எழுதி ஒட்டுவது அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம். இலையின் அடிப்புறம் ஆழ்ந்த ஊதாவாக இருக்கும் வகைக்கே அந்தப் பெயர் பெரும்பாலும் வழங்கியது. இப்போது அதுவும் சோஷியாலிஸ் இனத்துக்குள் அடக்கம்.

செடி ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததென்றாலும் அதன் பேரினத்துக்கு நம் மண்ணோடு ஓர் உறவு உண்டு. தரங்கம்பாடிக்கு மிஷன் பணியாளராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து தென்னிந்தியா முழுவதும் செடி சேகரித்த பெஞ்சமின் ஹெய்ன் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்துதான், ஜெர்மானிய மருத்துவரும் தாவரவியலாளருமான ஆல்பிரெக்ட் ரோத் 1821-இல் லெடிபூரியா என்னும் பேரினத்தை நிறுவினார். அவர் கையில் இருந்தது இந்தியச் செடி. லெடிபூரியா ரெவலூட்டா என்று இப்போது அழைக்கப்படும் அந்த இனம் கோடையில் மண்ணுக்குள் மறைந்திருந்து, மழை பெய்ததும் புள்ளியிட்ட இலைகளோடு தலைகாட்டும். அதன் குமிழ் புதைந்துதான் இருக்கும். ஆகவே உங்கள் ஐயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: ஒரே பேரினத்தில் புதைந்து வாழ்வதும் உண்டு, வெளியே வாழ்வதும் உண்டு. உங்கள் தொட்டியில் இருப்பது இரண்டாம் வகை.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இலைக்குத் தெளிவான காம்பு இருந்து, வெள்ளிப் பூச்சு இல்லாமல் வெளிர்பச்சையில் கரும்பச்சைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால், அது ட்ரிமியாப்சிஸ் என்னும் நெருங்கிய உறவுச்செடியாக இருக்கலாம். இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்கள் பலர். ட்ரிமியாப்சிஸ் இன்னும் சற்று அதிக நீரைத் தாங்கும். ஓய்வுக் காலத்தில் இலை உதிர்க்கும். சோஷியாலிஸ் ஆண்டு முழுவதும் இலையோடு இருக்கும்.

கேள்வி: வீட்டுக்குள் வளர்க்கும் செடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வரவேற்பறை மேசையில் வைத்திருக்கிறேன். புது இலைகள் நீளமாகவும் துவண்டும் வருகின்றன. வெள்ளி நிறமும் புள்ளிகளும் மங்கிவிட்டன. உரம் போடவேண்டுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: உரம் வேண்டாம்; போட்டால் நிலைமை மோசமாகும். இலை நீண்டு துவள்வதற்குக் காரணம் பசியன்று, வெளிச்சக் குறைவு. வெளிச்சம் போதாத செடிக்குத் தழைச்சத்தைக் கொடுத்தால் அது மேலும் நீண்டு, மேலும் மெலிந்து போகும். 'வீட்டுக்குள் வளரும்' என்ற விற்பனைச் சொல்லை நான் அவ்வளவாக நம்புவதில்லை. இறந்துபோகாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு. நம் வீடுகளின் நடு அறைகளில், அதிலும் உட்பக்கம் தள்ளி முற்றத்தை ஒட்டாமல் அமைந்த கூடங்களில், மனிதக் கண்ணுக்குப் போதுமானதாகத் தோன்றும் வெளிச்சம் இந்தச் செடிக்கு மாலை மயங்கும் நேரத்து வெளிச்சத்தைவிட அதிகமாக இருப்பதில்லை.

கிழக்குப் பார்த்த சன்னல் விளிம்போ, காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்து பிறகு நிழலாகும் பால்கனியோ இதற்கு மிகப் பொருத்தமான இடங்கள். அத்தகைய இடத்தில் இலை குட்டையாகவும் தடிப்பாகவும் வரும். வெள்ளியும் புள்ளியும் தெளியும். அடிப்புற ஊதாவும் ஆழமாகும். ஆனால் மேசையிலிருந்து நேராக வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நிழலில் பழகிய இலை ஒரே நாளில் வெளுத்துக் கருகும். சில வாரங்களில் படிப்படியாக நகர்த்துங்கள். ஏற்கெனவே நீண்டுவிட்ட இலைகள் பழைய வடிவத்துக்குத் திரும்பா. புதிய இலைகள் வந்த பின் அவற்றை அடியோடு கிள்ளிவிடலாம்.

உங்கள் ஊர் வெயிலைப் பற்றியும் ஒரு சொல். அக்கினி நட்சத்திர நாட்களில் மொட்டைமாடியில் வைத்தால் காலை வெயில்கூட அதிகமாகிவிடும். 50 விழுக்காடு நிழல்வலையின் கீழ் வைக்கவேண்டும். தொட்டியைச் சூடான சிமென்ட் தளத்தின் மீது நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல்களின் மேலோ மரப்பலகையின் மேலோ ஏற்றி வையுங்கள். இலை தாங்கிக்கொள்ளும் சூட்டை வேர் தாங்காது.

கேள்வி: கார்த்திகை மழையில் இரண்டு குமிழ்கள் தொட்டாலே கூழாக உடைந்துபோயின, கெட்ட வாடையும் வருகிறது. மற்றவை பார்க்க நன்றாக இருக்கின்றன. நான் தினமும் தண்ணீர் ஊற்றுவதில்லை, வாரத்துக்கு ஒரு முறைதான். காப்பாற்ற முடியுமா? இனி என்ன மண்ணில் வைக்கலாம்? (கடலூர் வாசகர்)

பதில்: காப்பாற்றலாம், ஆனால் இன்றே தொட்டியைக் கவிழ்க்கவேண்டும். வாரத்துக்கு ஒரு முறை ஊற்றினேன் என்கிறீர்கள். மற்ற ஆறு நாளும் வானம் ஊற்றியிருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலோர மாவட்டங்களில் இந்தச் செடிக்குத் தண்ணீரே ஊற்றவேண்டியதில்லை. தாழ்வாரத்துக்கு அடியில், சாரல் படாத இடத்தில் வைத்துவிட்டால் காற்றின் ஈரமே வேண்டிய அளவுக்கு அதன் தாகத்தைக் குறைத்துவிடும்.

முதலில் சிகிச்சை. தொட்டியைக் கவிழ்த்து மண்ணை முழுவதும் உதிர்த்து, ஒவ்வொரு குமிழையும் விரலால் அழுத்திப் பாருங்கள். கல்போல இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். கூழானவற்றைக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று இருப்பதைக் கூர்மையான, வெந்நீரில் கழுவிய கத்தியால் பழுப்பு நிறம் முழுவதும் போய் வெண்ணிறச் சதை தெரியும் வரை சீவுங்கள். அடித்தட்டில் ஒரு பகுதியேனும் நலமாக மிஞ்சியிருந்தால் அந்தக் குமிழ் பிழைக்க வாய்ப்புண்டு. அடித்தட்டு முழுவதும் போயிருந்தால் முயற்சி வீண். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியைத் துடைப்பது முக்கியம்.

கெட்ட வாடை என்று நீங்கள் குறிப்பிட்டது கவனத்துக்குரியது. வாடையோடு கூழாவது பெரும்பாலும் பாக்டீரியா அழுகல். பூஞ்சைக்கொல்லிப் பொடி எதை வாங்கித் தூவினாலும் அதற்கு அவ்வளவாகப் பயனில்லை. செம்பு கலந்த மருந்துகளுக்குப் பாக்டீரியாவின் மேலும் ஓரளவு வீரியம் உண்டென்பதால், காப்பர் ஆக்ஸிகுளோரைடைச் சிறிது வெட்டுவாயில் பூசலாம். கடையில் அது கிடைக்காவிட்டால் கரித்தூள் போதும். அது நோயைக் கொல்லாது, வெட்டுவாயை உலரவைக்க உதவும். உண்மையில் குணப்படுத்துவது உலர்த்தல்தான். நான்கைந்து நாட்கள் நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒரு தாளின் மேல் பரப்பி வையுங்கள். வேர் காய்ந்துவிடுமே என்று அஞ்சவேண்டாம். சேமிப்பு வேரில் இல்லை, குமிழில் இருக்கிறது.

அடுத்து மண். நர்சரிகளிலிருந்து வரும் செடிகள் பெரும்பாலும் வெறும் தென்னைநார்க் கழிவில்தான் இருக்கும். வண்டியில் ஏற்றிச் செல்ல எடை குறைவு, அடிக்கடி நீர் ஊற்றவேண்டாம் என்பதால் விற்பனையாளருக்கு அது வசதி. உங்களுக்கு அது வசதியன்று: மேலே காய்ந்ததாகத் தெரியும் நார் அடியில் நாட்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாங்கிய வாரத்திலேயே அதை மெல்ல உதிர்த்துவிட்டு மாற்றி நடுவது நல்லது. கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், அதோடு பட்டாணி அளவு உடைத்த செங்கல் துண்டுகள் ஒரு பங்கு. ஆற்றுமணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்குகிறவர்கள் அதைச் சலித்து, நீரில் அலசி, தூளை நீக்கிவிட்டுப் பயன்படுத்தவேண்டும். தூளோடு போட்டால் கலவை சிமென்ட்போல் இறுகும். உங்கள் பகுதியில் கிடைப்பது களிமண்தான் என்றால் அதைக் கலக்கவே வேண்டாம்; மணலையும் செங்கலையும் கூட்டிக்கொள்ளுங்கள். கலவை சரியா என்று பார்க்க, நனைத்துக் கையில் பிடித்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் இன்னும் மணல் வேண்டும். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி.

தொட்டி மண்ணால் ஆனதாக, அகலமாக, ஆழம் குறைந்ததாக இருக்கட்டும். நான்கைந்து அங்குல ஆழம் போதும். இருபது குமிழ்க் கூட்டத்துக்கும் அகலந்தான் வேண்டுமே தவிர ஆழம் வேண்டாம். பெரிய தொட்டியில் சிறு செடியை வைத்தால் வேர் எட்டாத மண் காயாமலே கிடக்கும். அழுகல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அடியில் துளை இல்லாத பீங்கான் கிண்ணங்களைப் படத்தில் பார்த்து மயங்கவேண்டாம். அடியில் கூழாங்கல் பரப்பினால் துளைக்கு ஈடாகும் என்பதும் தவறு.

ஈரம் லேசாகப் பட்ட கலவையில் நட்ட பின் ஒரு வாரம் நீர் ஊற்றாதீர்கள். அதன் பிறகும் நாள்காட்டியைப் பார்த்து ஊற்றவேண்டாம். குமிழை அழுத்தும்போது இறுக்கமாக இருந்தால் காத்திருக்கலாம். லேசாகச் சுருங்கி, இலையும் விறைப்பை இழந்து தெரிந்தால் தொட்டி முழுவதும் நனைந்து அடியில் வழியும்படி ஒரே முறை ஊற்றிவிட்டு மறுபடி காய விடுங்கள். நாள்தோறும் கொஞ்சம் தெளிப்பது மிகக் கெட்ட பழக்கம். அது மேல்மண்ணையும் குமிழின் கழுத்தையும் மட்டும் நனைத்து வைக்கிறது. கோடையில் இது ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒரு முறை என்று வரலாம், குளிர் மாதங்களில் பதினைந்து நாளும் ஆகலாம். கரூரில் மொட்டைமாடியில் இருக்கும் தொட்டிக்கும் கடலூரில் தாழ்வாரத்தில் இருக்கும் தொட்டிக்கும் ஒரே கணக்கைச் சொல்ல முடியாது.

கேள்வி: ஒரு தொட்டியிலிருந்து உறவினர்களுக்கும் கொடுக்க ஆசை. எப்படிப் பெருக்குவது? இலையை நட்டால் வளரும் என்கிறார்களே, உண்மையா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: பக்கக் குமிழ்களைப் பிரித்து நடுவதுதான் எளிது, விரைவானது. தாய்க் குமிழைச் சுற்றிப் புதியவை வந்துகொண்டேயிருக்கும். அவற்றுக்கென்று தனி வேர் வந்த பிறகு, கோடைமழை பெய்து வெக்கை தணிந்த நாட்களில் முறுக்கிப் பிரித்து, பிரிந்த இடம் இரண்டு நாள் உலர்ந்த பின் நடுங்கள். ஒற்றைக் குமிழாகக் கொடுப்பதைவிட மூன்று நான்கு சேர்ந்த கொத்தாகக் கொடுத்தால் வாங்குகிறவர் வீட்டில் விரைவில் பிடிக்கும். தனிக் குமிழ் ஓராண்டுக்கு ஒன்றும் செய்யாமல் அப்படியே உட்கார்ந்திருப்பது வழக்கம்.

இலை பற்றி நீங்கள் கேட்டதும் உண்மைதான். முற்றிய இலையை அடியோடு பறித்து, வெட்டுவாயை ஒரு நாள் உலர்த்தி, ஈர மணலில் சிறிதளவு செருகி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வெட்டிய விளிம்பில் மிளகளவு குமிழ்கள் தோன்றும். குமிழைப் பிளந்து செதில் செதிலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அடித்தட்டின் ஒரு துணுக்கு இருக்கும்படி நடுவது இன்னொரு வழி. அழுகலில் அடித்தட்டின் ஒரு பகுதியோடு மிஞ்சிய செதில்களைக் கடலூர் வாசகர் இப்படிப் பயன்படுத்தலாம். இரண்டுமே பொறுமைக்காரர்களுக்கான வேலை: பார்க்கத் தகுந்த செடியாக இரண்டு ஆண்டுகள் ஆகலாம்.

கேள்வி: குமிழ்களின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது. எறும்புகளும் ஊர்கின்றன. (ஈரோடு வாசகர்)

பதில்: அது மாவுப்பூச்சி. அது வடிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் வருகின்றன. வருவதோடு நில்லாமல் பூச்சியின் பகைவர்களை விரட்டி, அதைக் காத்துப் புதிய இடங்களுக்கும் பரவச் செய்கின்றன. எறும்பைத் தடுக்காமல் பூச்சியை ஒழிக்க முடியாது. தொட்டியைக் கால்கள் உள்ள தாங்கியின் மேல் வைத்து, அந்தக் கால்களை நீர்த்தட்டில் நிறுத்துங்கள்.

இந்தச் செடியில் பூச்சி ஒளிவது காய்ந்த தோலுக்கு அடியில். எனவே தளர்ந்த பழைய தோல்களைக் கையால் உரித்து நீக்கிவிட்டு, 70 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு இடுக்கையும் துடையுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும் துடைக்கவேண்டும், ஏனெனில் முட்டைகள் தப்பியிருக்கும். வேப்பெண்ணெய் தெளிக்க விரும்பினால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி எண்ணெயும் சில துளி காதி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் சாய்ந்த பின் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்துப் பாருங்கள்; வெள்ளிப் பூச்சுள்ள இலைகளில் எண்ணெய் திட்டுத் திட்டாகக் கறை விட்டுவிடக்கூடும். மேலே ஒன்றுமில்லாமல் செடி மட்டும் வாடிக்கொண்டே போனால் வேரைப் பாருங்கள். வேரிலும் ஒரு மாவுப்பூச்சி வரும். அப்போது மண்ணை முழுவதும் மாற்றவேண்டும்.

கேள்வி: நரிவெங்காயத்தை நாட்டு மருத்துவத்தில் பயன்படுத்துவார்கள் என்று என் பாட்டி சொல்வார். இதுவும் அதன் சாதிதானே? வீட்டில் பேரப்பிள்ளைகளும் பூனையும் உண்டு. (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இரண்டும் ஒரே குடும்பத்தின் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது சரி. ஆனால் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொள்ள அது காரணமாகாது. நரிவெங்காயத்தில் இதயத்தின் துடிப்பையே பாதிக்கும் கிளைக்கோசைடுகள் உள்ளன; மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலான அளவு அதில் மிகக் குறுகியது. பயிற்சி பெற்ற சித்த மருத்துவர் கையைத் தவிர வேறெங்கும் அது இருக்கக்கூடாது. உங்கள் தொட்டிச் செடிக்கு மருத்துவப் பயன் எதுவும் இல்லை. அதையும் நஞ்சுள்ளதாகக் கருதியே நடத்தவேண்டும். குமிழ் வெளியே தெரிவதும், வெங்காயம்போல் இருப்பதும் சிறு பிள்ளைகளை ஈர்க்கும். அவர்கள் கைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். யாரேனும் தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், செடியின் ஒரு துண்டோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிரித்து நடும்போது சாறு பட்டுச் சிலருக்குத் தோல் அரிக்கும். கையுறை அணிவது நல்லது.

கேள்வி: எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் பனி கடுமை. செடி வெளியே இருக்கலாமா? மேலும், பூத்த தண்டை வெட்டவேண்டுமா? (குன்னூர் வாசகி)

பதில்: குளிரை விடக் குளிரோடு சேர்ந்த ஈரம்தான் ஆபத்து. மண் காய்ந்திருந்தால் உங்கள் ஊரின் சாதாரணக் குளிர் இரவுகளை அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் உறைபனி விழும் என்று தோன்றும் இரவுகளில் உள்ளே எடுத்துவிடுங்கள். உறைபனி பட்ட இலை மறுநாளே வெந்ததுபோல் ஆகிவிடும். குமிழ் கெடாமலிருந்தால் வெப்பம் திரும்பியதும் புதிய இலை வரும். அந்த மாதங்களில் மாதத்துக்கு ஒரு முறை சிறிது நீர் போதும், உரம் கூடாது.

பூத்தண்டு காய்ந்த பிறகு இழுத்தால் தானே கையோடு வரும். பச்சையாக இருக்கும்போது வெட்டவேண்டிய அவசியமில்லை. சிறு மணிபோன்ற அந்தப் பச்சை வெள்ளைப் பூக்கள் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. பூதக்கண்ணாடி இருந்தால் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள், உள்ளே ஊதா நிற மகரந்தக் காம்புகள் தெரியும்.